படிப்பின் பெயரால் மலிவுக் கூலி

அப்ரண்டிஸ் பயிற்சியோடு இணைந்த பட்டப்படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு புகுத்தியிருக்கிறது. ஆலையில் வேலை செய்யும் மாதங்களுக்கும் மதிப்புப் புள்ளி உண்டாம். தொழிலோடு கல்வி சேர்வதை நாம் எதிர்க்கவில்லை. இயந்திரத்தைத் தொடாத படிப்பு அரைப் படிப்புதான். ஆனால் ஆலைக்குள் அந்த மாணவர் யார்?

தொழிலாளி அல்ல என்கிறது 1961-ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு. 1947-ஆம் வருஷத் தொழில் தகராறுச் சட்டமோ அப்ரண்டிஸையும் தொழிலாளி என்ற சொல்லுக்குள் சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்தக் கதவையும் சாத்திவிட்டது! மற்றவர்களோடு சமமாக நின்று உற்பத்தி செய்தாலும் கூலி கிடையாது, உதவித்தொகைதான். அதன் குறைந்தபட்சத் தொகையிலும் பாதியைச் சர்க்கார் ஏற்கிறது. முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்? வாய் திறந்தால் புள்ளி போய்விடுமோ என்று மாணவர் அஞ்சுவார். அதுவும் அவருக்கு லாபமே.

பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் இதில் ஆபத்து உண்டு. அவர் ஓய்வு பெற்ற இடத்தை வருஷத்துக்கொரு புது மாணவரைக் கொண்டு ஓட்டிவிடலாமே! ஆகவே தொழிற்சங்கங்களும் மாணவர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும்: உற்பத்தியில் நிறுத்தினால் அதற்குரிய கூலியைக் கொடு, புள்ளி போடும் அதிகாரம் ஆசிரியரிடமே இருக்கட்டும், அப்ரண்டிஸையும் தொழிலாளி என்று சட்டத்தில் மறுபடி எழுது.