பல்பின் விலையைக் குறைத்தது யார்?

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுமாறு மக்களுக்கு அறிவுரை வழங்குவதில் ஒன்றிய ஆட்சியாளர்கள் ஒருபோதும் சளைத்ததில்லை. குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்துவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை என்கிறார்கள். பொருத்தாதவர்கள் விழிப்புணர்வு இல்லாதவர்கள் என்ற தொனியும் அதில் கலந்திருக்கிறது. ஆனால், தில்லியின் நெரிசல் மிகுந்த குடியிருப்பிலோ மும்பையின் குடிசைப் பகுதியிலோ இன்றும் குண்டு பல்பை வாங்கிச் செல்லும் தொழிலாளிக்குக் கணக்குத் தெரியாது என்று எண்ணுவது தவறு.

கணக்கு எளிமையானது. 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 9 யூனிட் ஆகிறது. ஏறத்தாழ அதே வெளிச்சத்தைத் தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்கூடத் தேவையில்லை. யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு விளக்கில் மட்டும் மாதம் 38 ரூபாய் மிச்சமாகும். குண்டு பல்பு உறிஞ்சும் மின்சாரத்தில் மிகச் சிறிய பங்குதான் வெளிச்சமாகிறது; எஞ்சியது முழுவதும் வெப்பமாக வீணாகிறது. தகரக் கூரையின் கீழ் மே மாதத்தில் வாழ்பவருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஏன் வாங்குகிறார்? ஆறு மாதத்தில் மிச்சமாகும் பணம் இன்று அவர் கையில் இல்லை. இதைவிட ஆழமான காரணமும் உண்டு. மிச்சமாகும் மின்சாரத்தின் பலன் பல வீடுகளில் குடியிருப்பவரைச் சேர்வதே இல்லை. தனி மீட்டர் இல்லாத வாடகை அறைகளில், வீட்டுக்காரர் தலைக்கு இவ்வளவு என்றோ, வாரியக் கட்டணத்தைவிட அதிகமான விலையிலோ வசூலிக்கிறார். தில்லியில் 2019 ஆகஸ்டில் 200 யூனிட் வரை இலவசம் என்று அறிவிக்கப்பட்டபோது, அந்தச் சலுகை மீட்டரின் பெயர்தாரரைச் சென்றடைந்தது. வாடகைதாரர்களில் பெரும் பகுதியினர் வெளியே நின்றனர். அடுத்த மாதமே வாடகைதாரர்களுக்கெனத் தனி மீட்டர் திட்டம் ஒன்றை அன்றைய மாநில அரசு கொண்டுவர நேர்ந்தது. எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தமே இல்லாமல் வாழும் புலம்பெயர் தொழிலாளிக்கு அதுவும் எளிதில் எட்டவில்லை. மிச்சமாகும் காசு வீட்டுக்காரரின் பைக்குத்தான் போகும் என்றால், கூடுதல் விலை கொடுத்து விளக்கு வாங்க அவர் ஏன் முன்வர வேண்டும்?

இனி விலைக்கு வருவோம். 2014 தொடக்கத்தில் எல்.இ.டி. பல்பு ஒன்றின் கொள்முதல் விலை 310 ரூபாய். 2016இல் அது 38 ரூபாயாகச் சரிந்தது. இதைச் ‘சந்தையின் மாயம்’ என்று எழுதிய பொருளாதார ஏடுகள் உண்டு. உண்மையில் சந்தையை வளைத்தது பொதுத்துறை. என்.டி.பி.சி., பவர் கிரிட் உள்ளிட்ட நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் உருவாக்கிய எரிசக்தித் திறன் சேவை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல்., நாடு முழுவதற்குமான தேவையை ஒன்றாகத் திரட்டியது. கோடிக்கணக்கில் வாங்குவதாக உறுதியளித்து டெண்டர் விட்டது. தனித்தனியே வாங்குபவர் பேரம் பேச முடியாத இடத்தில் மொத்தமாக வாங்கும் பொது நிறுவனம் பேரம் பேசியது. முதற்கட்டத்தில் 10 ரூபாய் மட்டும் செலுத்தி விளக்கைப் பெற்று, எஞ்சிய தொகையை மின்கட்டணத்துடன் தவணையாகக் கட்டவும் வழி இருந்தது. ‘கையில் காசில்லை’ என்ற தடையை நீக்கியது அந்தத் தவணைதான். 2015 ஜனவரி 5 அன்று பிரதமரின் படத்துடன் தொடங்கிய இத்திட்டத்திற்குப் பின்னர் ‘உஜாலா’ என்று பெயர் சூட்டினார்கள். படம் பிரதமருடையது, உழைப்பு பொதுத்துறையினுடையது.

தனியார் பெருநிறுவனங்கள் தம் விருப்பப்படி விடப்பட்டால் என்ன செய்யும் என்பதற்கும் இதே பொருளில் சான்று உண்டு. 1924இல் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட உலகின் முன்னணி பல்பு நிறுவனங்கள் கூடி ‘ஃபீபஸ்’ என்ற கூட்டமைப்பை நிறுவின. பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்திற்கு மேல் போகாமல் குறைப்பது என்று முடிவெடுத்தன. அதைவிட நீடித்து எரியும் பல்பைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதமே விதித்தன! நல்ல பொருளைச் செய்ததற்குத் தண்டனை என்பது முதலாளித்துவத்தில்தான் அறிவுடைமையாகத் தோன்ற முடியும்.

இவ்வளவு பலன் தந்த திட்டத்தை ஆட்சியாளர்கள் எப்படிப் பேணினார்கள்? 2020 தொடக்கத்தில் உஜாலாவில் வழங்கப்பட்ட பல்புகளின் எண்ணிக்கை 36 கோடியைக் கடந்துவிட்டது. அடுத்த ஐந்து ஆண்டுகள் கழிந்து, 2025 தொடக்கத்தில் அது 37 கோடியைக்கூட எட்டவில்லை. இடையில் 2021 மார்ச்சில் பீகாரின் ஆராவில் ‘கிராம உஜாலா’ தொடங்கப்பட்டது. எரியும் குண்டு பல்பைக் கொடுத்து 10 ரூபாய்க்கு எல்.இ.டி. விளக்கு பெறலாம் என்றார்கள். ஐந்து மாநிலங்களின் கிராமங்களில் ஓராண்டு நடந்து, 2022 மார்ச்சுடன் முடிந்தது. அதற்கான நிதியும் கார்பன் வரவுகளை உலகச் சந்தையில் விற்றுத் தேட வேண்டியதாக இருந்தது. ஆண்டுக்கு 4,700 கோடி யூனிட்டுக்கு மேல் மிச்சம் என்று அரசு பெருமை கொள்கிறது. இது வழங்கிய பல்புகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் கண்ட மதிப்பீடு. இருந்தாலும் அதில் பாதி உண்மையென்றாலும் பெரிய தொகைதான். அந்த மிச்சத்திலிருந்து ஒரு சிறு பங்கை ஏழைக்கு விளக்காகத் திருப்பித் தர அரசுக்கு மனம் வரவில்லை.

மாறாக வரிதான் வந்தது. 2022 ஜூலை 18 முதல் எல்.இ.டி. விளக்குகளின் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பொட்டலமிட்ட அரிசிக்கும் தயிருக்கும் வரி விதிக்கப்பட்ட அதே நாள். அரிசியின் பெயரால் எழுந்த கண்டனத்தில் விளக்கின் மீதான வரி பலர் கண்ணில் படவில்லை. ஒரு கையால் சிக்கனத்தைப் போதித்து, மறு கையால் சிக்கனக் கருவிக்கு வரி போடுவது எந்த வகை எரிசக்திக் கொள்கை?

பொதுத்துறை பின்வாங்கிய இடத்தை நிரப்புவது தரமற்ற சரக்கு. பெயரில்லாப் பல்புகள் நடைபாதைகளில் குவிந்து கிடக்கின்றன. நாட்டின் சில பெருநகரக் கடைகளில் நீல்சன் நிறுவனம் 2017இல் நடத்திய ஆய்வில், எல்.இ.டி. பல்பு வகைகளில் 76 சதவீதம் பாதுகாப்பு விதிகளை நிறைவு செய்யவில்லை என்று தெரியவந்தது. அதை நடத்தச் சொன்னது பெரிய தயாரிப்பாளர்களின் சங்கம் என்பதால் அவர்களது வணிக நலனையும் மறந்துவிட முடியாது. எனினும் சில மாதங்களிலேயே அணைந்துபோகும் பல்பு உழைப்பாளி வீடுகளின் அன்றாட அனுபவம். விளக்கினுள் இருக்கும் சில்லுகள் பெரும்பாலும் கெடுவதில்லை. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டிய மின்சுற்றில்தான் மலிவுச் சரக்கு செலவைக் குறைக்கிறது. வாங்குபவர் கவனிக்க வேண்டியவை உண்டு: வாட்டை அல்ல, வெளிச்சத்தைக் குறிக்கும் லூமன் அளவைப் பார்க்க வேண்டும், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண்ணும் எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரையும் உள்ளனவா என்று நோக்க வேண்டும், உத்தரவாத ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் முத்திரையைச் சோதிக்கும் பொறுப்பை நடைபாதையில் நின்று வாங்குபவரின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. கடைகளில் சரக்கைச் சோதித்துப் பறிமுதல் செய்ய அதற்கு அதிகாரம் இருக்கிறது.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2021 ஜனவரியில் தொடங்கிய ‘இழை பல்பு இல்லாத கேரளம்’ திட்டத்தில் மாநில மின்வாரியமே 9 வாட் விளக்குகளை வீடுகளுக்கு வழங்கியது. விலையைக் கட்டணத்துடன் தவணையாகச் செலுத்த வழி வைத்தது. வாரியம் மக்களின் கையில் இருந்ததால் இது இயன்றது. மின் விநியோகத்தைத் தனியாருக்குத் திறந்துவிடத் துடிக்கும் ஒன்றிய அரசின் மின்சாரச் சட்டத் திருத்தம் நிறைவேறினால், அதிகம் விற்றால் அதிகம் இலாபம் என்று கணக்கிடும் நிறுவனம் நுகர்வைக் குறைக்கும் விளக்கை வீடு தேடி வந்து தருமா?

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. 2022இல் உயர்த்திய வரியை ஒன்றிய அரசு திரும்பப் பெற வேண்டும். ஈ.ஈ.எஸ்.எல். மீண்டும் மொத்தக் கொள்முதலில் இறங்கி, முத்திரை பெற்ற விளக்குகளை நியாயவிலைக் கடைகள் வழியாக, குடும்ப அட்டை உள்ளவர்க்கெல்லாம் தவணையில் தர வேண்டும். அட்டையோ ஒப்பந்தமோ இல்லாத வாடகைதாரருக்கும் தனி மீட்டர் கிடைக்க வேண்டும். இன்னொன்றும் பலர் மறந்துவிடுவது: பழைய சி.எஃப்.எல். விளக்குகளிலும் குழல் விளக்குகளிலும் பாதரசம் இருக்கிறது. குப்பை அள்ளும் துப்புரவுத் தொழிலாளியின் கையில் அவை உடையாமல் இருக்க, கழற்றிய விளக்கைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் அதே கடையிலேயே இருக்க வேண்டும்.