மனத்தை அளக்கப் பணம் தருவது யார்?



பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தால், அதனுடன் ஓர் அளவுப் பட்டியலும் வரும் என்பது திருப்பூர் மாணவர்களுக்குத் தெரிந்த செய்தி. மார்பு இத்தனை சென்டிமீட்டர், தோள் இத்தனை, கை நீளம் இத்தனை என்று அதில் குறித்திருக்கும். ஒரு நாட்டுக்குப் போகும் 'மீடியம்' வேறு, இன்னொரு நாட்டுக்குப் போகும் 'மீடியம்' வேறு. பணம் தருகிறவர் சொல்லும் அளவில்தான் கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டுவார். இதில் தவறேதும் இல்லை. அணியப் போகிறவர்கள் அந்த நாட்டவர்தாமே!

ஆனால் ஒரு நாட்டவரின் அளவை எடுத்து, 'இதுவே மனித உடலின் அளவு' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். மனித மனத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலோ நெடுங்காலமாக ஏறத்தாழ இதுதான் நடந்து வந்திருக்கிறது. இதை மாற்ற வேண்டும், மாற்றுவதற்கான பணத்தில் ஒரு பங்கை நாமே தர வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கப்பலேறிய கடிகாரம்

நான் பௌதிகம் கற்பிப்பவன். ஆகவே பௌதிகத்திலிருந்தே தொடங்குகிறேன். 1672-ஆம் ஆண்டு ழான் ரிஷே என்ற வானியலாளரைப் பிரெஞ்சு அறிவியல் கழகம் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயென் என்ற இடத்துக்கு அனுப்பியது. பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயென்னில் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைச் சற்றுக் குறைத்த பிறகே நேரம் சரியாயிற்று.

பழுது கடிகாரத்தில் இல்லை. புவியீர்ப்பு முடுக்கமே இடத்துக்கு இடம் சிறிது மாறுகிறது. பாரிசில் அது 9.81, நம் திருப்பூரில் ஏறக்குறைய 9.78. பூமி நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது என்று 1687-இல் நியூட்டன் வாதிட்டபோது இந்த அளவீடும் அவருக்குத் துணை நின்றது. பாரிசிலேயே உட்கார்ந்து ஓர் ஊசலை ஓராயிரம் முறை ஆட்டியிருந்தாலும் இந்த உண்மை கிடைத்திராது. கடிகாரத்தை வேறொரு நாட்டுக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்குக் கப்பல் வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

நீலகிரியில் ஒரு சோதனை

உளவியலிலும் இத்தகைய பயணம் ஒன்று நடந்தது. அதுவும் நமக்கு அருகிலேயே நடந்தது. 1901-02-இல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கி, அவர்களுடைய பார்வை, நிற உணர்வு, தொடு உணர்வு ஆகியவற்றைச் சோதித்தார். அவர் காட்டிய படங்களுள் ஒன்றை நீங்களும் வரைந்து பார்க்கலாம். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளை வரையுங்கள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்பு முனைகள் உள்நோக்கி மடங்கட்டும்; மற்றதில் வெளிநோக்கி விரியட்டும். இரண்டாவது கோடு நீளமாகத் தோன்றும். இதற்கு முல்லர்-லையர் மாயத் தோற்றம் என்று பெயர்.

இந்தப் படத்தில் ஆங்கிலேயரை விடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒப்பிடும் மற்றொரு படத்திலோ அவர்களே அதிகம் ஏமாந்தார்கள். ஆகவே 'இவர்கள் கூர்மையானவர்கள், அவர்கள் மந்தமானவர்கள்' என்று பொதுவாகச் சொல்வதற்கு இடமில்லாமற் போயிற்று. 1966-இல் செகால், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூவர், பதினைந்துக்கும் மேற்பட்ட சமூகங்களில் இத்தகைய சோதனைகளைச் செய்து முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்க நகரவாசிகள் முல்லர்-லையர் படத்தில் மிகுதியாக ஏமாந்தனர். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதி வேட்டைச் சமூகத்தினர் ஏறத்தாழ ஏமாறவே இல்லை. மூலைமூலையாகக் கட்டிய அறைகளில் வாழும் பழக்கமே இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். காரணத்தைப் பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. ஆனால் பல சமூகங்களிலும் சோதித்துப் பார்த்ததால்தான் அந்தச் சர்ச்சையே பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

நூற்றில் தொண்ணூற்றாறு

இத்தனைக்குப் பிறகும் உளவியல் பெரும்பாலும் பாரிசிலேயே ஊசலாட்டிக்கொண்டிருந்தது எனலாம். 2008-இல் ஜெஃப்ரி ஆர்நெட் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் நாட்டின் ஆறு முக்கிய உளவியல் இதழ்களைப் புரட்டிக் கணக்கெடுத்தார். 2003 முதல் 2007 வரை அவற்றில் வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களுள் நூற்றுக்கு 96 பேர் மேலை நாட்டுத் தொழில்மயச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளில் வாழ்வோர் உலக மக்கள் தொகையில் சுமார் 12 சதவீதமே. பங்கேற்றவர்களுள் கணிசமானோர் கல்லூரி மாணவர்கள் வேறு. பேராசிரியருக்கு எளிதில் கிடைப்பவர்கள் அவர்கள்தாமே!

காரணம் கெட்ட எண்ணம் அல்ல. ஆராய்ச்சிக்கான பணம் அந்த நாடுகளில் இருந்தது. பணம் இருந்த இடத்தில் ஆய்வுக்கூடம் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சோதிக்கப்பட்டார்கள்.

இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் உதாரணம் போதும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ பெற்றோருடன் திருப்பூர் வந்து உங்கள் வகுப்பில் சேரும் ஒரு சிறுவனை எண்ணிப் பாருங்கள். வேறு மொழிப் பிள்ளைகளுக்காக வகுத்த நுண்ணறிவுச் சோதனையை அவனுக்கு வைத்து, குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு, 'இவன் மந்தம்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சொல் அவனுடைய பள்ளி வாழ்க்கை முழுவதும் கூடவே வரும். அளவுகோல் அவனுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்தவர் யார்? அப்படிப் பார்ப்பதும் ஓர் ஆராய்ச்சியே. அதற்கும் பணம் வேண்டும்.

கரும்புக் காட்டில் கிடைத்த விடை

பணம் கிடைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள் அதில் பங்கேற்றார்கள். கரும்புக்கு ஆண்டில் ஒருமுறைதான் வெட்டு, ஒருமுறைதான் மொத்தப் பணம். வெட்டுக்கு முன் கையில் காசு இருக்காது. அடகுக் கடைக்குப் போக வேண்டியிருக்கும். வெட்டுக்குப் பின் நெருக்கடி தளரும். அதே மனிதரை இரண்டு காலத்திலும் சோதித்தால் என்ன ஆகும்?

சொற்களே இல்லாத பட வரிசைப் புதிர்களை அவர்களிடம் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யலாம் அல்லவா? வெட்டுக்கு முன்பு எடுத்ததை விட வெட்டுக்குப் பின்பு மதிப்பெண் உயர்ந்தது. பண நெருக்கடியே மனத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, அறிவுக் குறைவு அல்ல என்பது ஆய்வாளர்களின் முடிவு. 'இரண்டாவது முறை என்பதால் பழகிப்போய் நன்றாகச் செய்திருக்கலாமே?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதற்காகவே சில விவசாயிகளை முதன்முறையாக வெட்டுக்குப் பின்னரே சோதித்து ஒப்பிட்டார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. இந்த முடிவை வேறு ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் மக்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. எது சரி? ஆண்டுக்கொருமுறை வரும் பணமும் மாதச் சம்பளமும் மனத்தை வேறுவேறாகத் தாக்குகின்றனவா? திருப்பூரில் பெரும்பாலோர்க்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். ஆர்டர் இல்லாத வாரத்தில் அதுவும் குறையும். வெள்ளிக்கிழமை மனமும் ஞாயிற்றுக்கிழமை மனமும் ஒன்றுதானா? இந்தக் கேள்விக்கு நம் ஊரை விடப் பொருத்தமான ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் உறக்கத்தை அளந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. கையில் கட்டிய கருவி சொன்ன செய்தி இது: படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தும் அவர்கள் உறங்கியது சுமார் ஐந்தரை மணி நேரமே. இரவு உறக்கத்தைச் சுமார் அரை மணி நேரம் கூட்டியும் வேலையில் பெரிய பலன் தெரியவில்லை. பகலில் குட்டித் தூக்கம் போட்டவர்களிடமோ பலன் தெரிந்தது. ஒன்றரை ஷிப்ட் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு முக்கியமான செய்தி!

யார் கேட்கும் கேள்வி?

இத்தகைய ஆய்வுகள் பலவற்றை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தார் முன்னின்று நடத்துகிறார்கள். பணமும் பெருமளவு வெளியிலிருந்தே வருகிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல அறிவு எந்த நாட்டுப் பணத்தில் வந்தாலும் நல்ல அறிவே. ஆனால் பணம் தருகிறவருக்கே கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் போகிறது. நாம் அளவு கொடுக்காதவரை, வருகிற அளவுப் பட்டியலுக்குத்தான் துணி வெட்ட முடியும்.

நம் நாட்டிலும் வழிகள் இல்லாமல் இல்லை. 1969-இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு உளவியல் ஆய்வுகளுக்கும் நிதி தருகிறது. பிரிட்டன், ஜப்பான் முதலிய நாடுகளின் அமைப்புகளுடன் சேர்ந்து கூட்டு ஆய்வுகளுக்கும் அது உதவியிருக்கிறது. இரு நாடுகளும் பணம் போட்டு, இரு நாட்டு ஆய்வாளரும் சேர்ந்து கேள்வியை வகுக்கும் இந்த முறையே சிறந்தது என்பேன்.

தடைகளும் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்தின்படி, அந்தப் பணத்தைப் பெற்ற ஓர் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்க முடியாது. வெளிப்பணத்தை அரசு கண்காணிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பெரிய நிறுவனத்தின் வழியாகச் சிறிய அமைப்புகள் பங்கு பெறும் கதவும் இதனால் அடைபட்டது. ஆகவே உள்நாட்டுப் பணம் முன்னை விட அவசியமாகிறது.

அந்தப் பணம் எங்கே? குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம். ஆராய்ச்சிக்கும் அதில் இடம் உண்டு. வேளாண்மை ஆராய்ச்சிக் குழு, மருத்துவ ஆராய்ச்சிக் குழு போன்றவற்றை அந்தப் பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் பெயர் அதில் இல்லை. ஒரு வரியைச் சேர்த்தால் போதும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தரும் இந்த ஊரின் லாபத்தில் ஒரு சிறு துளி, இங்கே உழைப்போரின் மனத்தை அறியவும் உதவும்.

இரண்டு ஆட்சேபங்கள்

'குடிநீரும் வீடும் இல்லாதவர்களுக்கு மன ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். குடிநீருக்கான பணத்தை எடுத்து இதற்குத் தரும்படி நான் சொல்லவில்லை. ஆனால் கரும்பு ஆய்வின் பாடத்தை மறவாதீர்கள். நெருக்கடியில் இருப்பவரிடம் பத்துப் பக்க விண்ணப்பத்தை நீட்டுவது எவ்வளவு கொடுமை என்பது அங்கிருந்தே விளங்குகிறது. உதவியை எந்த நாளில், எந்த வடிவில் தருவது என்று தெரிந்தால் அந்த உதவியே வீணாகாது.

'முதலாளியின் பணத்தில் தொழிலாளியைச் சோதித்தால் உண்மை வெளிவருமா?' என்பது இரண்டாவது ஆட்சேபம். இது வலுவானது. ஆகவே ஐந்து நிபந்தனைகள் வேண்டும். பணம் கம்பெனியிடமிருந்து நேராக ஆய்வாளரிடம் போகாமல் ஒரு பொது நிதியின் வழியே போகட்டும். யார் எப்படிப் பதில் சொன்னார் என்பது கம்பெனிக்குத் தெரியக் கூடாது. பங்கேற்க மறுக்கும் உரிமையும் ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். முடிவு பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் வெளியிட வேண்டும். கடைசியாக, சோதிக்கப்பட்டவர்களுக்கே அந்த முடிவைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் ஊசலை ஆட்டினால் ஊசலுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. மனிதர் தம் நேரத்தையும் மனத்தையும் திறந்து தருகிறார். அந்தக் கடனைத் தீர்க்காத ஆய்வு, எத்தனை பெரிய இதழில் வந்தாலும் பாதி ஆய்வே.

மாணவர்களே, உங்களுள் பலர் பொறியியலும் மருத்துவமும் படிக்க விரும்புவீர்கள். உளவியலும் ஒரு விஞ்ஞானம் என்பதை எண்ணிப் பாருங்கள். தமிழும் இந்தியும் ஒடியாவும் ஒரே தையல் வரிசையில் கேட்கும் ஊரில் வளர்ந்த ஒருவர், வெளியிலிருந்து வருபவருக்குத் தோன்றாத கேள்விகளைக் கேட்க முடியும். அதுவரை ஒரு சிறு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். 'மனிதர்களின் இயல்பு இது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்' என்ற செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த ஊர் மனிதர்கள்? எத்தனை பேர்? பணம் கொடுத்தவர் யார்?