பங்கு உண்டு, மொழி இல்லை!

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட உப்பிலியபுரத்தில் முன்பெல்லாம் விலையைப் பற்றிய பேச்சென்றால் அது நெல்லைப் பற்றியோ வெங்காயத்தைப் பற்றியோதான் இருக்கும். இன்றோ கைப்பேசி வழியே பங்கு வாங்கும் பழக்கம் அத்தகு சிற்றூர்களையும் எட்டிவிட்டது. கணிப்பொறி நிறுவனத்தின் பங்கு ஏறுமா, இறங்குமா என்று படித்த இளைஞர் சொற்போரிடுகின்றனர். தமிழன் பொருளீட்டுவதை நாம் வெறுக்கவில்லை. எதை அறிந்து அவன் முதலிடுகின்றான் என்பதே நம் வினா.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். திருச்செந்தூர்ப் பகுதி மூலைப்பொழியில் பிறந்த தமிழர் சிவ நாடாரும் அவர்தம் நண்பர்களும் 1976ஆம் ஆண்டில் எச்.சி.எல். நிறுவனத்தைத் தில்லியில் தொடங்கினர். அமெரிக்க ஐ.பி.எம். இந்தியாவைவிட்டு வெளியேறிய 1978ஆம் ஆண்டிலேயே அது தன் கணிப்பொறியைச் செய்து காட்டியது. பின்னாளில் அப்பெயர் தாங்கிய இரு நிறுவனங்கள் பங்குச் சந்தையில் நின்றன. மென்பொருள் செய்யும் எச்.சி.எல். டெக்னாலசீசு ஓங்கி வளர்ந்தது. கணிப்பொறி செய்த எச்.சி.எல். இன்போசிசுடம்சோ அயல்நாட்டுப் பொறிகளின் போட்டியில் தளர்ந்து, 2013இல் அத்தொழிலையே கைவிட்டது. 2007இல் நூறு உருபாவிற்கு மேல் விற்ற அதன் பங்கு, 2020இல் இருபது உருபாவிற்கும் கீழே வீழ்ந்தது. பெயர் ஒன்று; போக்கு இரண்டு! இவ்வேறுபாட்டை ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் படித்தே அறியவியலும். அவை எம்மொழியில் உள்ளன? ஆங்கிலத்தில்!

இனி, ஆள்வோர் செய்வதைப் பார்ப்போம். பங்குச் சந்தையை ஆளும் நடுவண் வாரியமாகிய செபி, புதிதாகப் பங்கு வெளியிடும் நிறுவனங்கள் தம் வெளியீட்டு ஆவணத்தின் பிழிவை ஒலி-ஒளிக் காட்சியாகவும் தரவேண்டுமென 2024 மேத் திங்களில் ஆணையிட்டது. முதலிடுவோர்க்கு எளிதில் விளங்கட்டும் என்பது நல்ல நோக்கமே. ஆனால் அக்காட்சி எம்மொழிகளில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! இந்தி பேசுவோன் தன் தாய்மொழியில் கேட்டறிந்து முதலிடலாம். உப்பிலியபுரத்து உழவன் மகனோ எவனோ சொன்னதை நம்பி முதலிட வேண்டும். வாங்கும் பணத்தில் வேறுபாடில்லை; கொடுக்கும் விளக்கத்தில் மட்டும் வேறுபாடா?

“இத்துறைக்குத் தமிழ் போதாது” என்பர் சிலர். முதல், கடன், பங்கு, ஊதியம், இழப்பு இவையெல்லாம் எம்மொழிச் சொற்கள்? கடல் கடந்து வாணிகம் செய்த இனத்துக்குக் கணக்குச் சொல் இல்லையாம்! சொல் இல்லாமை அன்று, சொல்ல மனமில்லாமையே கரணியம். அக்குறை நம்மிடமும் உண்டு. நம் இளைஞரின் சொற்போரிலும் பங்கு ‘சேர்’ ஆகிவிட்டது. ஊதியம் ‘பிராபிட்டு’ ஆகிவிட்டது. நாமே தமிழில் பேசாதபோது மும்பையும் தில்லியுமா தமிழில் பேசும்?

பங்கு வாங்கியவன் இரவலன் அல்லன், உரிமையாளன். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வினவும் உரிமை அவனுக்கு உண்டு. ஆண்டறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தருக என்று தமிழ்ப் பங்காளிகள் ஒவ்வொருவரும் தத்தம் நிறுவனத்துக்கு எழுதுக! விளக்கக் காட்சியில் தமிழும் இடம்பெறத் தமிழ்நாட்டரசு செபியை வலியுறுத்துக! அதுவரை, படித்தறியாத ஆவணத்திற்கு இசைவு தருவதில்லை என உறுதி கொள்க! பணத்தைப் பறிகொடுத்தவன் மீண்டும் உழைத்து ஈட்டலாம். மொழியைப் பறிகொடுத்தவன் எதைக்கொண்டு மீட்பான்?