செத்தவர் மேல் விசாரணை

சில வாரங்களுக்கு முன் வகுப்பு முடிந்து எழுந்தபோது, முதுகலை மாணவி ஒருவர் ஓர் ஆங்கிலப் புதினத்தை நீட்டி, "இதையும் படிச்சுப் பாருங்க ஐயா" என்றார். கரோலின் கெப்னஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2014இல் வெளியிட்ட 'யூ'. எப்படி இருந்தது என்று கேட்டோம். "அவன் கொலைகாரன்தான். ஆனா பெக் மேலயும் தப்பு இருக்குல்ல ஐயா?" என்றார். அந்தக் கேள்வி நம்மை விடாமல் தொடர்ந்ததே இதை எழுதக் காரணம்.

முடிவைச் சொல்லாமல் இப்புதினத்தின் குறையைச் சொல்ல இயலாது. இனிமேல் வாசிக்கப்போகிறவர்கள் மன்னிக்க. நியூயார்க்கில் புத்தகக் கடை ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் ஜோ, கடைக்கு வரும் பெக் என்ற பெண்ணின் மேல் பித்துக் கொள்கிறான். அவளது பெயரைக் கொண்டு இணையத்தில் துழாவுகிறான். அவளது கைப்பேசி அவன் கைக்கு வருகிறது. அவள் மின்னஞ்சல்களைத் திருட்டுத்தனமாக வாசிக்கிறான். காதலனாகவும் ஆகிவிடுகிறான். குறுக்கே நிற்பதாகத் தோன்றும் இருவரைக் கொல்கிறான். இறுதியில் அவளையும் கொல்கிறான். கதை முழுவதும் அவன் குரலில், அவளை 'நீ' என்று விளித்தே சொல்லப்படுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இக்குரல் புதிதன்று. கைக்கிளைக்கு இலக்கணம் சொல்லவந்த தொல்காப்பியர், காமம் இன்னதென்று அறியாத இளையவளிடம் ஒருவன் பேசுவதையும், எதிர்ச்சொல் பெறாத நிலையிலும் தன் பேச்சிலேயே இன்பம் காண்பதையும் சுட்டுகிறார். அன்பின் ஐந்திணைக்குள் அதற்கு இடமில்லை. பெக் இளையவள் அல்லள். வாய் பேசாதவளும் அல்லள். ஆயினும் ஜோவின் காதுக்கு அவள் சொல் எட்டுவதேயில்லை. எதிர்ச்சொல் பெறாதவனின் பேச்சை ஒரு முழுப் புதினமாக நீட்டிப் பார்ப்பது துணிச்சலான முயற்சி. முதல் நூறு பக்கங்களில் நமக்கும் உள்ளூர நடுக்கம் ஏற்பட்டது என்பதை மறைக்கவில்லை.

ஏமாற்றம் அதன்பின் தொடங்குகிறது. கொல்லப்படுவோர் ஒவ்வொருவரையும் புதினம் முன்கூட்டியே வெறுக்கத்தக்கவராக ஆக்கிவிடுகிறது. பழைய காதலன் போதைக்கு அடிமையான பணக்காரப் பொய்யன். தோழி, பாசம் என்ற பெயரில் பெக்கை ஆட்டிப் படைப்பவள். பெக்கோ உயிருடன் இருக்கும் தந்தையை இறந்துவிட்டதாகச் சொல்பவள். தன் மனநல ஆலோசகருடன் இரகசிய உறவு வைத்திருப்பவள். ஒவ்வொரு கொலைக்கும் முன்பாக வாசகரின் கையில் ஒரு சமாதானம் திணிக்கப்படுகிறது. கொலைகாரன்தானே கதை சொல்கிறான், அவன் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெக்கின் மின்னஞ்சல்கள் அவன் எழுதியவை அல்லவே! அவள் குரல் நேராக நம்மை வந்தடைய ஆசிரியர் வைத்திருந்த ஒரே சாளரம் அது. அதன் வழியாகவும் பெரும்பாலும் அவன் தீர்ப்புக்கான சான்றுகளே வந்து விழுகின்றன. 2018இல் இது தொலைக்காட்சித் தொடரானபின், ஜோவாக நடித்த பென் பேட்ஜ்லி, அவன் கொலைகாரன் என்பதை இரசிகைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

எம்.ஏ. சுசீலா அவர்களின் மொழிபெயர்ப்பில் 'குற்றமும் தண்டனையும்' வாசித்தவர்கள் இங்கே ஒன்றை நினைவுகூரலாம். ரஸ்கோல்னிகோவ் கொல்லப் புறப்படுவது ஈவிரக்கமற்ற வட்டிக்காரக் கிழவியை. அவளைக் கொல்வதற்கு அவனிடம் நியாயங்கள் இருக்கின்றன. ஆனால் எதிர்பாராமல் வந்து நிற்கும் அவள் தங்கை லிசாவெதாவையும் அவன் வெட்ட நேர்கிறது. அந்த அப்பாவிப் பெண்ணின் முன் அவனது நியாயங்கள் அத்தனையும் சரிந்துவிடுகின்றன. 'யூ'வில் ஒரு லிசாவெதா இல்லை.

செத்தவரை விசாரித்துக் கொன்றவரை இலேசாக்கும் இவ்வழக்கம் நியூயார்க்குக்கு மட்டும் உரியதன்று. நாம் வசிக்கும் தண்டையார்பேட்டையை அடுத்த ராயபுரத்திலேயே அதற்கு ஒரு கதை உண்டு. 1952 ஆகஸ்டில் கல்லறைச் சாலை வீடொன்றில் ஆளவந்தார் என்ற வியாபாரி கொல்லப்பட்டார். போட் மெயிலில் ஏற்றப்பட்ட டிரங்குப் பெட்டியிலிருந்து அவர் உடல் மானாமதுரையில் எடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. அவரோடு முன்பு பழகியிருந்த பெண்ணும் அவள் கணவரும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டனர். வழக்கை விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் புனைகதைகளும் நாடகங்களும் எழுதியவர். கணவருக்கு ஏழாண்டு, மனைவிக்கு மூன்றாண்டு. இறந்தவரின் பெண் சபலமே தண்டனையைக் குறைத்தது என்று வழக்கைப் பற்றி எழுதியோர் சொல்வதுண்டு. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இக்கதையைச் சொல்கிறவர்கள் "அவன் யோக்கியன் இல்லை" என்பதை மறக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதைப் பற்றி எவரும் பேசி நாம் கேட்டதில்லை.

2016 ஜூன் 24 அன்று காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அவருடைய நடத்தை குறித்த வதந்திகள் சமூக ஊடகங்களில் உலவின. 2022 அக்டோபர் 13 அன்று பரங்கிமலை நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் ஓடும் ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். இத்தகைய கொலைகளுக்கு நம் நாளிதழ்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒருதலைக் காதல்'. கைக்கிளையில்கூட மறுமொழி பெறாதவன் சொல்லி இன்புறுவதோடு நின்றான், கத்தி எடுக்கவில்லை. கொலைக்குக் காதல் என்று பெயர் சூட்டியவர்கள் நாம்தான்.

புதினம் ஒழுக்கப் பாடம் நடத்த வேண்டும் என்பதன்று நம் வாதம். பெக் பொய் சொல்லட்டும், தன்னலக்காரியாகவே இருக்கட்டும். அத்தனை குறைகளோடும் அவள் உயிர் அவளுடையது என்று வாசகர் ஓரிடத்திலாவது திடுக்கிட்டு உணர்ந்திருந்தால், இது மனத்தை ஆராய்ந்த புதினமாகியிருக்கும். இப்போதோ விறுவிறுப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தப்பே செய்யாதவர்களைத்தான் கொல்லக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா, அம்மா?" என்று அம்மாணவியிடம் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அவளோட மெயில மட்டும் தனியா இன்னொரு தடவ படிக்கிறேன் ஐயா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.