கட்டாய விடுமுறைக்கும் ஒரு கடைசித் திகதி வேண்டும்

நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு ஒரு வைத்தியர் இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று 2019 மே 23ஆம் திகதி ஒரு சிங்களப் பத்திரிகை முன்பக்கச் செய்தி போட்டது. மறுநாள் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். மயக்க மருந்து கொடுப்பவரும் தாதியரும் சுற்றி நிற்கிற சத்திரசிகிச்சைக் கூடத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் இதை ஆயிரக்கணக்கில் எப்படிச் செய்வது என்று அன்று கேட்டவர்கள் குறைவு. அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று ஜூன் மாதமே குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25இல் பிணை கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. அவர் அனுப்பப்பட்ட கட்டாய விடுமுறை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022இல் நிலுவைச் சம்பளமாக வந்த 26 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட தொகையை, மருந்துத் தட்டுப்பாடு நிலவிய அந்த நேரத்தில், மருந்து வாங்கச் சொல்லிச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார். பழைய வைத்தியசாலைக்கு அவர் பணிக்குத் திரும்பியது 2023இல்.

இதற்கு நேரெதிரான இன்னொரு கோவை உண்டு. பொலிஸ் காவலில் ஒருவரைச் சித்திரவதை செய்ததற்குத் தேசபந்து தென்னகோன் பொறுப்பு என்று 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டஈடு கட்டவும், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. அப்போது பதில் பொலிஸ் மாஅதிபராக இருந்த அவர், 2024 பெப்ரவரியில் நிரந்தரப் பொலிஸ் மாஅதிபரானார்! அவர் பதவியில் இயங்க உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை போட்டது. அதன்பின் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. எதிராக ஆதாரமில்லாத வைத்தியர் வீட்டிலிருந்தார், எதிராகத் தீர்ப்பு வந்த அதிகாரி கதிரையிலிருந்தார். இரண்டையும் தனித்தனி அநியாயங்களாகப் பார்த்தால் நோயைத் தவறவிடுவோம். ஒருவரை நிறுத்துவதும் திரும்ப எடுப்பதும் என்ன நிரூபணமானது என்பதோடு தொடர்பறுந்து, அந்தந்த நேரத்துக் கூச்சலோடும் செல்வாக்கோடும் இணைந்துவிட்டன என்பதே நோய்.

முறைப்பாடு வந்தவுடன் நிறுத்தாவிட்டால் நோயாளிக்கும் மாணவிக்கும் யார் பாதுகாப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், தற்காலிகமாக விலக்கிவைக்கும் அதிகாரம் நிச்சயம் வேண்டும். அது தண்டனையல்ல, காவல் ஏற்பாடு. ஆகவே அதற்குக் காலக்கெடு இருக்க வேண்டும், கெடு முடிந்தும் நீடிக்க வேண்டுமானால் அதிகாரி எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். குற்றமற்றவர் என்று முடிவானால், முறைப்பாட்டாளர்களின் பெயரை மறைத்து, அந்த முடிவை முழுமையாக வெளியிட வேண்டும். முன்பக்கத்தில் போன மானம் ஒரு நியமனக் கடிதத்தோடு திரும்பி வராது.

குற்றம் நிரூபணமானவர் திரும்பலாமா என்பது இன்னும் சிக்கலானது. ஊழல் தடுப்பு விசாரணைக்கு ஒத்துழைக்காததற்காகச் சனத் ஜயசூரியவுக்கு 2019இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை இரண்டாண்டுத் தடை விதித்தது. தடை முடிந்தது, 2024இல் தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார். குற்றம் என்ன, தடை எவ்வளவு காலம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அதில் ஒளிவுமறைவு இருக்கவில்லை. ஆனால் எல்லாத் தொழிலுக்கும் நாள்காட்டி போதாது. வஞ்சனை, முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காகச் சட்டத்தரணி ஒருவரைப் பெயர் நீக்க 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவருக்கு அதிகாரம் தருகிறது. அப்படி நீக்கப்பட்டவர் திரும்ப விரும்பினால், தான் திருந்தியதைக் காட்டும் பொறுப்பு அவருடையது. திறமைக் குறைவால் தவறியவரைப் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுத்து மீட்கலாம். தன்னை நம்பி வந்த பலவீனரிடம் அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தவருக்கு, அதே பலவீனரோடு தனித்திருக்கும் வேலையைத் திருப்பிக் கொடுக்க எத்தனை வருடமும் போதாது என்பதே என் கருத்து. வாழ்நாள் முழுவதும் பட்டினி போடுவதா என்று கேட்கலாம். பிழைக்க வேறு வேலை உண்டு. வகுப்பறை ஒருவரின் பிறப்புரிமையல்ல.

ஷாபிக்காகக் குரல் கொடுத்த முஸ்லிம்களான நமக்கு இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் மீது பாரதூரமான முறைப்பாடு வந்தால் விசாரணையை முடிக்காமல் இடமாற்றம் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள், “நம்மட ஆள்தானே” என்பார்கள், அவருடைய பெண் பிள்ளைகளின் கலியாணத்தை நினைத்து இரங்குவார்கள். கல்முனை வலயத்தில் முறைப்பாட்டுக்கு ஆளானவரைச் சம்மாந்துறைக்கோ அக்கரைப்பற்றுக்கோ மாற்றினால், முறைப்பாடு பொய்யாக இருந்தால் அவர் பெயரும் துலங்காது, மெய்யாக இருந்தால் புதிய பாடசாலைப் பிள்ளைகளுக்கும் எச்சரிக்கை கிடைக்காது. குருநாகலில் நாம் கேட்ட அதே விசாரணையை, அதே வேகத்தோடு, மருதமுனையிலும் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் மாட்டுபவர் நம் சொந்தக்காரராகவும் இருக்கலாம்.