அடிக்கிற கைதான் அணைக்குமா?

"அண்ணா, அடிச்சாலும் கேஸு, தொட்டாலும் கேஸு. அப்புறம் ஒரு வாத்தியார் பிள்ளைங்ககிட்ட எப்படித்தான் பாசத்தைக் காட்டுறது?"

அண்ணாமலை நகரில் ஒரு டீக்கடையில் இப்படிக் கேட்டவர் பி.எட். படிக்கும் தம்பி ஒருவர். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய முதல் வாரம் அது. கூட நின்ற நண்பர்கள் இருவரும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அந்தக் கேள்வியில் குழப்பத்தைவிடச் சலிப்புதான் அதிகம் இருந்தது. சட்டங்கள் வந்து ஆசிரியரின் அன்பைக் கெடுத்துவிட்டன என்ற சலிப்பு. ஆசிரியர்களின் ஓய்வறையிலிருந்து வாட்ஸ்அப் குழுக்கள் வரை இன்று பரவிக் கிடப்பது இதுதான். அன்று டீக்கடையில் என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ரயில் பாதையைத் தாண்டிச் சிதம்பரத்துக்குள் போனால் போதும். தில்லைக் கோயிலுக்குள் நுழைவதற்கு நந்தனார் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்று புராணம் சொல்லும் ஊர் இது. அதே ஊரில், அதே நந்தனாரின் பெயரில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1916இல் கல்விக் கழகம் தொடங்கினார் சுவாமி சகஜானந்தர். கோயில் கதவு திறக்காத இடத்தில் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்து வைத்தார்.

2021 அக்டோபரில் அந்த நந்தனார் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியின் வகுப்பறைக் காணொலி ஒன்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், பட்டியல் சாதியைச் சேர்ந்தவன், தரையில் மண்டியிட்டிருக்கிறான். வகுப்புக்கு வரவில்லை என்பது அவன் செய்த குற்றம். ஆசிரியர் பிரம்பால் அடிக்கிறார், காலால் உதைக்கிறார். காணொலி வெளியான பிறகு அவர் கைது செய்யப்பட்டார். அப்போது என் காதில் அதிகம் விழுந்த பேச்சு என்ன தெரியுமா? "பையன் உருப்படணும்னுதான் அடிச்சிருப்பார். அடிக்கிற கைதான் அணைக்கும்."

அந்த ஆசிரியர் என்ன சாதி என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. மண்டியிட்டுக் கிடக்கும் ஒரு பிள்ளையைக் காலால் உதைப்பதைப் பார்த்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைக்கிறதே ஊர், அந்த ஊரோடுதான் என் சண்டை.

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." பள்ளியில் சேர்க்கும் அன்று இதைச் சொல்லாத அப்பாக்கள் எங்கள் தெருவில் இல்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் கூலி வேலைக்குப் போன என் அப்பாவும் சொன்னார். அவர் கொடூரமானவர் அல்ல. நிலமும் பணமும் இல்லாத மனிதர், பிள்ளையின் படிப்புக்கு விலையாகக் கொடுக்கப் பிள்ளையின் தோலைத் தவிர வேறொன்றும் தன்னிடம் இல்லை என்று நினைத்தார். பண்ணையில் அடி வாங்கியே வேலை கற்றவருக்கு, அடி இல்லாமலும் கற்றுக்கொள்ள முடியும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் வக்கீல் மகனையும் பண்ணையார் மகனையும் அதே பிரம்பு அதே வேகத்தில் தொட்டதை நான் பார்த்ததில்லை. அடி அன்பு என்றால், அந்த அன்பு ஏன் எப்போதும் மேலிருந்து கீழேயே இறங்குகிறது?

பிரம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடாமலே அடிக்க உதவும் கருவி அது. நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் மற்ற பையன்களின் முதுகில் தட்டிக் கொடுப்பார். எங்களிடம் வரும்போது பிரம்பின் நுனியால் முகவாயை நிமிர்த்துவார். எங்கள் நோட்டை மட்டும் மேசை மேல் வைக்கச் சொல்வார், கையில் வாங்க மாட்டார். ஒருநாளும் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதில்லை. திட்ட வேண்டிய தேவையே இல்லையே. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக வகுப்பில் தனிக் கோணிச் சாக்கில் உட்கார்ந்தார். பள்ளியைக் கூட்டுகிற வேலையாள் அதைத் தொட மாட்டார் என்பதால் தினமும் அந்தச் சாக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டு வந்தார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். தொடாத கை ஒரு குழந்தைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் தொட்டுவிட்டால் தீர்ந்ததா?

பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தோளில் கைபோட்டுப் பேசும் ஆசிரியர்தான் நல்ல ஆசிரியர் என்று நம்பினேன். பதினொன்றாம் வகுப்பில் என் தங்கை திடீரென்று கணக்கு டியூஷனுக்குப் போக மறுத்தாள். சோம்பேறி என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். ஐந்தாறு வருடம் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னாள். "மகள் மாதிரிம்மா நீ" என்று சொல்லிக்கொண்டே அந்த ஆசிரியரின் கை ஒவ்வொரு நாளும் அவள் தோளில் கிடந்திருக்கிறது. விலகி உட்கார்ந்தால் "என்னம்மா, வாத்தியார் மேல கோபமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பாராம். எனக்குக் கிடைக்காத கை எனக்கு வலித்தது. அவள் கேட்காத கை அவளுக்கு வலித்தது. இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர் ஆசிரியர். எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'மகள் மாதிரி' என்ற சொல்லுக்குள் இருப்பது உரிமை கொண்டாடல். 'குரு' என்ற சொல்லுக்குள்ளும் அதுவே இருக்கிறது. துரோணர் ஏகலைவனுக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை, ஆனால் அவன் கட்டைவிரலைக் கேட்கத் தனக்கு உரிமை உண்டு என்று நினைத்தார். 2023 மார்ச் இறுதியில் சென்னை கலாக்ஷேத்ராவில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக மாணவிகள் உட்கார்ந்து போராடியபோது, எதிரே நின்றதும் குரு பக்தி என்ற அதே பழைய சுவர்தான். மதிப்பெண்ணும் மேடையும் எதிர்காலமும் யார் கையில் இருக்கின்றனவோ, அவருடைய கையைத் தட்டிவிடுவது ஒரு மாணவிக்கு அவ்வளவு சுலபமா? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கல்வி நிறுவன ஊழியர் செய்யும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை வைத்திருப்பது இந்த அதிகாரத்தைக் கணக்கில் எடுத்துத்தான். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் அச்சட்டப்படி குற்றம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவில் உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இவை அன்பைத் தடுக்கும் சட்டங்கள் என்பவர்கள், தாங்கள் எதை அன்பு என்று நினைத்திருந்தோம் என்பதை ஒருமுறை யோசிக்கட்டும்.

அடியும் அத்துமீறலும் வெளியே தெரிந்துவிடும். தெரியாத இரண்டு உண்டு. ஒன்று, 'நம்ம பையன்' பாசம். சொந்தச் சாதி மாணவனை மட்டும் தனியே கூப்பிட்டு விசாரிப்பது, அவன் கையில் கட்டியிருக்கும் சாதிக் கயிற்றைக் கண்டும் காணாமல் விடுவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துருவின் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கயிற்றைக் கழற்றிவிடலாம். ஓய்வறையில் சாதி பார்த்து விசாரிக்கும் பாசத்தை எப்படிக் கழற்றுவது?

இன்னொன்று இரக்கம். "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு." சொன்ன ஆசிரியர் எங்களுக்கு உதவி செய்வதாகவே நினைத்திருப்பார். வகுப்பே திரும்பிப் பார்க்க எழுந்து நின்ற அந்த நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அரசு எங்களுக்குத் தரும் உரிமை, அவர் வாயில் பிச்சையாகிவிட்டது.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். எப்படித்தான் காட்டுவது?

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு வந்த தமிழம்மா ஒருநாள் என் கட்டுரை நோட்டைக் கையில் எடுத்துப் படித்தார். பிறகு, "இதை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் படிச்சிட்டு நாளைக்குத் தரட்டுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. என்னுடைய ஒரு பொருளுக்காக அதுவரை யாரும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. மறுநாள் நோட்டு முழுக்கச் சிவப்பு மை. ஒற்றுப்பிழை ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில் ஒரு வரி: 'மூன்றாவது பத்தி எனக்குப் பிடித்திருக்கிறது.' அவர் என் தலையைத் தடவியதில்லை, மகனே என்று அழைத்ததும் இல்லை. இன்று நான் எழுதுவதற்கு அந்தச் சிவப்பு மைதான் காரணம்.

பம்பாயில் பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த சிறுவன் பீமராவைக் கண்டு பேசினார் கேலுஸ்கர். அம்பேத்கர் படித்த பள்ளியின் ஆசிரியர்கூட அல்ல அவர். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பிறகு கல்லூரிப் படிப்புக்குப் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணை நின்றார். ஆசிரியரின் பாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கையில் ஒரு புத்தகம், அடுத்த கதவைத் திறக்க ஓர் உதவி.

தொடுதலே கூடாதா? 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு இடமாறுதல் வந்தபோது, பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்து விடமாட்டோம் என்று அழுதார்கள். நாடே பார்த்தது. கட்டிப்பிடித்தவர்கள் பிள்ளைகள், ஊரறியப் பட்டப்பகலில். முதல் நாள் அழுதுகொண்டு ஓடிவரும் ஆறு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளாத ஆசிரியர் கல்நெஞ்சக்காரர். அங்கே குழந்தை கேட்கிறது, ஆசிரியர் கொடுக்கிறார். குழந்தை போதும் என்று இறங்கினால் இறக்கிவிட வேண்டும். எல்லார் முன்னாலும் செய்ய முடியாத, எல்லாப் பிள்ளைக்கும் செய்ய மனம் வராத, பிள்ளை வேண்டாம் என்றால் கோபம் வருகிற எதையும் பாசம் என்று சொல்லாதீர்கள்.

தம்பி, நாளைக்கு வகுப்புக்குள் போகும்போது எல்லாப் பிள்ளையின் பெயரையும் முழுதாகக் கற்றுக்கொண்டு போ. நோட்டைக் கையில் வாங்கு, கையில் கொடு. மூன்று நாள் வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று மிரட்டாமல், என்ன ஆச்சு என்று கேள். உதவித்தொகைப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தனியாகக் கொடு. 1098 என்ற எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வை, உன்மேலேயே புகார் வந்தாலும் பரவாயில்லை என்ற துணிவோடு.

அடிக்கிற கை அணைத்ததை எங்கள் தெரு பார்த்ததே இல்லை. பிரம்பைக் கீழே போட்டுவிட்டு வா, பிள்ளைகளே உன்னிடம் வருவார்கள்.