எழுத நேரம் எப்படிக் கிடைச்சது சார்?

2016 டிசம்பரை வங்கிக்காரன் எவனும் மறக்க மாட்டான். வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்று வாசல் வரை நின்ற கூட்டத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போயிருந்தது. 21ஆம் தேதி ராத்திரி கேஷ் டாலி ஆகாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், வண்ணதாசனுக்கு 'ஒரு சிறு இசை' தொகுப்புக்காக சாகித்ய அகாதமி விருது என்று தெரிந்தது. நம்ம திருநெல்வேலிக்காரர், அதிலும் ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரம் நோட்டுக்கட்டு, ரப்பர் பேண்ட் எல்லாம் மறந்து போயிற்று.

சந்தோஷம் அதோடு சரி. விருது வாங்கிய எழுத்தாளர் முன்னால் மைக்கை நீட்டுகிறவர்களிடம் எப்போதும் இரண்டு கேள்விதான் இருக்கிறது. ஒன்று, இப்போது எப்படி உணர்கிறீர்கள். இன்னொன்று, வேலைக்கு நடுவில் எழுத எப்படி நேரம் கிடைத்தது. கதை எழுதுவதை என்னவோ ஓவர்டைம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இடமிருந்தால், அப்பா தி.க.சி.க்கு 2000-இல், மகனுக்கு 2016-இல் என்று ஒரு பெட்டிச் செய்தி. தி.க.சி. விமர்சகர், மகன் அதிராத குரலில் கதை சொல்கிறவர். இருவரும் ஒரே வீட்டில் எப்படி வளர்ந்தார்கள் என்று கேட்டிருந்தால் ஒரு புத்தகமே கிடைத்திருக்கும். கேட்கவில்லை. படித்திருந்தால்தானே கேட்பதற்கு!

நிற்க. இந்தக் கோபத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இப்போது நான் இருப்பது சித்தூர் பக்கம், கங்காதர நெல்லூரில். போன நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், என் மேஜை மேல் கிடந்த தமிழ்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "மதுராந்தகம் ராஜாராம் படிச்சிருக்கீங்களா மேனேஜர் சார்?" என்றார். முழித்தேன். பாகாலா பக்கத்தில், மாங்காய் மண்டிக்குப் பேர்போன தாமலசெருவில் இருந்தவர். அவரும் பள்ளி ஆசிரியர்தான். தெலுங்குச் சிறுகதைக்காக 1993-இல் சாகித்ய அகாதமி வாங்கியவர். மகன் நரேந்திரா, திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 'மனோதர்மபராகம்' நாவலுக்காக 2022-இல் அதே விருது. அச்சு அசலாக நம்மூர்க் கதை!

1953-இல் ஆந்திரம் பிரியும் வரை சித்தூர் நம்மோடு ஒரே ராஜ்யத்தில் இருந்த ஜில்லா. தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தப் பக்கத்துச் செய்தி இரண்டே இரண்டுதான்: செம்மரக் கடத்தல், திருமலையில் தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம். இங்கே ஒரு வீட்டில் இரண்டு பெரிய எழுத்தாளர்கள் இருந்தார்கள் என்று நான் படித்த பேப்பர் எதுவும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை. இரண்டு வருஷமாக இந்த ஊர்க்காரர்களின் நகைக் கடனைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெட்கத்தை மறைக்க, பதிலுக்கு வண்ணதாசனின் 'நிலை' கதையை அரைகுறைத் தெலுங்கில் அவருக்குச் சொன்னேன். வீட்டார் எல்லாரும் தேர் பார்க்கப் போய்விடுகிறார்கள். வேலைக்காரச் சிறுமி கடைசியில் போய்ச் சேரும்போது தேர் நிலைக்கு வந்துவிட்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை.

அவர் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை அப்படியே வைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு அடுத்த வருஷமாவது பார்த்துச்சா?"

விருது கொடுத்து இத்தனை வருஷம் ஆயிற்று. மைக்கோடு போன யாராவது இதைக் கேட்டார்களா?